தேர்த்துகள் என்னும் எண்: கீழ்வாய்க் கணக்கின் இறுதி எண்ணும் அதன் பாடச் சோதனையும்

திருவில்லிபுத்தூரில் வைத்தியநாத சுவாமி கோயில் அமைந்துள்ள இடத்தை மடவார் வளாகம் என்றும் மடவார் விளாகம் என்றும் எழுதுவர். இரண்டு வடிவிற்கும் இடையே உள்ளது ஓர் உயிரின் வேறுபாடே. அவ்வேறுபாட்டால் பொருள் கெடுவதில்லை, இடம் மாறுவதில்லை, படிப்பவர் எவரும் மயங்குவதில்லை. ஊர்ப்பெயர் ஆராய்வார்க்கு இரு வடிவமும் வேண்டற்பாலனவே. சொல்லுக்கு இத்தகைய நெகிழ்ச்சி உண்டு. எண்ணுக்கோ அது சிறிதும் இல்லை. ஏட்டில் ஓர் இலக்கம் விடுபடின் எண் முழுதும் வேறாகிவிடும். சொல்லில் நேர்ந்த பிழையைச் சொற்றொடரின் பொருள் காட்டிக்கொடுக்கும். எண்ணில் நேர்ந்த பிழையைக் காட்டிக்கொடுப்பது யாது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டாக யாம் கொள்வது அவ்வூரொடு தொடர்புபடுத்தி எண்ணத்தக்கதொரு பெயரையுடைய எண். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேரோட்டத்திற்குப் பெயர் பெற்ற ஊர். தேரின் சக்கரம் உருளுங்கால் வீதியில் எழும் புழுதியின் ஒரு சிறு கூறே தேர்த்துகள். வடமொழிப் பொருணூலாகிய அருத்தசாத்திரமும் நீட்டலளவையில் அணு எட்டினைத் தேர்ச்சக்கரம் எழுப்பும் துகள் ஒன்றாகக் கூறும். தமிழர் கீழ்வாய்க் கணக்கில், ஒன்றைப் பகுத்துப் பகுத்துச் செல்லும் வாய்பாட்டின் கடைசியில் நிற்கும் பின்னத்திற்குத் தேர்த்துகள் என்று பெயர். அப்பின்னத்தின் தொகுதி ஒன்று. பகுதியோ இருபத்திரண்டு இலக்கம் கொண்ட ஒரு பெருமுழு எண்:

2,323,824,530,227,200,000,000.

இவ்வெண்ணை இலட்சம், கோடி என்னும் நம் வழக்கப்படி பிரிக்காது மும்மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதியுள்ளோம். அதன் பயன் பின்னர் விளங்கும். இத்தகைய எண் தன் பாடம் திருத்தமானதா என்பதைச் சோதிக்கும் கருவியைத் தன்னகத்தே கொண்டுள்ளது என்பதே யாம் ஈண்டு நிறுவக் கருதுவது.

1. வாய்பாடு

மேல்வாய் இலக்கம் ஒன்றிலிருந்து மேலே செல்வது. கீழ்வாய் இலக்கம் ஒன்றிலிருந்து கீழே இறங்குவது. அரை, கால், மா, காணி, முந்திரி என்பன கீழ்வாயில் நாளும் வழங்கிய பெயர்கள். ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா. மாவில் நாலில் ஒன்று காணி. காணியில் நாலில் ஒன்று முந்திரி. ஆகவே முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அம்முந்திரியையே மீண்டும் ஒன்றாக வைத்து 320 பங்கு செய்யின் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதற்குக் கீழே உள்ள பெயர்களும், மேலுள்ள அலகு ஒன்றில் அவை எத்தனை என்பதும், ஒன்றை நோக்கிய பகுதியெண்ணும் வருமாறு:

முந்திரி: ஒன்றில் 320, பகுதியெண் 320
கீழ்முந்திரி: முந்திரியில் 320, 102,400
இம்மி: கீழ்முந்திரியில் 10½, 1,075,200
மும்மி: இம்மியில் 22, 23,654,400
அணு: மும்மியில் 7; 165,580,800
குணம்: அணுவில் 9, 1,490,227,200
பந்தம்: குணத்தில் 5, 7,451,136,000
பாகம்: பந்தத்தில் 6, 44,706,816,000
விந்தம்: பாகத்தில் 7, 312,947,712,000
நாகவிந்தம்: விந்தத்தில் 17, 5,320,111,104,000
சிந்தை: நாகவிந்தத்தில் 14, 74,481,555,456,000
கதிர்முனை: சிந்தையில் 20, 1,489,631,109,120,000
குரல்வளைப்படி: கதிர்முனையில் 40, 59,585,244,364,800,000
வெள்ளம்: குரல்வளைப்படியில் 60, 3,575,114,661,888,000,000
நுண்மணல்: வெள்ளத்தில் 100, 357,511,466,188,800,000,000
தேர்த்துகள்: நுண்மணலில் 6½, 2,323,824,530,227,200,000,000

குரல்வளைப்படி என்பதனைக் குரல்வளைப்பிடி எனவும் எழுதுவர். வளாகம், விளாகம் போன்றதே இதுவும். கணக்கிற்கு இதனால் ஊறு இல்லை.

2. எண்ணில் தோன்றும் மடிப்பு

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதொன்றாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகாஎண் என்பர். எந்த முழு எண்ணையும் பகாஎண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம். அவ்வாறு பிரிக்கும் வழி ஒன்றே. கணிதத்தின் இவ்வடிப்படை உண்மையை மேலைப் பட்டியலுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முந்திரியின் பகுதியாகிய 320 என்பது இரண்டை ஆறு முறையும் ஐந்தை ஒரு முறையும் பெருக்கப் பெறுவது. கீழ்முந்திரியின் பகுதி 2¹² × 5². ஈண்டு இரண்டும் ஐந்தும் தவிர வேறு பகாஎண் இல்லை. கீழ் என்னும் அடையை எத்தனை முறை அடுக்கினும் நிலை இதுவே.

கல்வெட்டு வழக்கும் இதனை உறுதிசெய்கின்றது. முதலாம் இராசராசன் (985–1014) காலத்து நில அளவையின் நுட்பத்தைக் கூறுவோர், வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரையிலும் கணக்கிட்டு இறை விதித்தமையை எடுத்துக்காட்டுவர். அவ்வெண்ணைப் பகுத்துப் பார்ப்பின் 2²⁴ × 5⁵ என வரும். அஃதாவது 320-ஐ நான்கு முறை பெருக்கி ஐந்தால் மீண்டும் பெருக்கியது. நடைமுறையில் வழங்கிய கணக்கு இரண்டையும் ஐந்தையும் விட்டு அகலவில்லை என்பது இதனால் பெறப்படும்.

இம்மிக்கு வந்ததும் நிலை மாறுகின்றது. பத்தரை என்பது இருபத்தொன்றில் பாதி. இருபத்தொன்று மூன்றும் ஏழும் பெருக்கியது. ஆகவே ஒரே படியில் மூன்றும் ஏழும் கணக்கினுள் புகுகின்றன. மும்மியில் 22 வழியே பதினொன்று புகுகின்றது, நாகவிந்தத்தில் பதினேழு, தேர்த்துகளில், ஆறரை என்பது பதின்மூன்றில் பாதி ஆதலின், பதின்மூன்று. கீழ்முந்திரிக்கும் இம்மிக்கும் இடையே துணியில் மடிப்பு விழுந்தாற்போல ஓர் எல்லை காணப்படுகின்றது. மேலே உள்ளது அளப்போரும் கணக்கரும் வழங்கிய முறை. கீழே உள்ளது கணித ஆசிரியர் விரித்த முறை. இவ்வேறுபாடு ஒன்றுகொண்டு காலத்தைத் துணிதல் கூடாது. முறை இரண்டு என்பதே எண் சொல்லும் செய்தி.

3. இம்மியும் மும்மியும் புகுந்ததன் பயன்

மா, காணி, முந்திரி என்பவற்றால் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கைச் சரியாகச் சொல்ல இயலாது. எத்தனை கீழ் சேர்ப்பினும் எச்சம் நிற்கும். இரண்டும் ஐந்தும் மட்டும் பெருக்கிய எண்ணை மூன்று மீதியின்றி வகுக்காது என்பதே காரணம். தசம முறையில் மூன்றிலொன்று 0.333 என முடிவின்றிச் செல்வதும் இக்காரணத்தாலேயே.

இம்மி வந்தபின் இவ்விடர் நீங்குகின்றது. ஒன்றினை மூவர்க்குப் பங்கிடின் ஒருவர்க்கு 106 முந்திரியும் 213 கீழ்முந்திரியும் 3½ இம்மியும் வரும், எச்சம் இல்லை. எழுவர்க்குப் பங்கிடின் ஒருவர்க்கு 45 முந்திரியும் 228 கீழ்முந்திரியும் 6 இம்மியும் வரும். பதினொருவர்க்குப் பங்கிட இம்மியும் போதாது, மும்மி வேண்டும். அப்பொழுது ஒருவர் பங்கு 29 முந்திரியும் 29 கீழ்முந்திரியும் 21 மும்மியும் ஆகும். ஐயமுறுவார் இவற்றைப் பெருக்கிக் காண்க.

இவ்வாறு இறங்கிச் சென்று தேர்த்துகளை அடையும்பொழுது, ஒன்று முதல் பதினெட்டு வரையுள்ள எல்லா எண்களாலும் அப்பகுதியெண் மீதியின்றி வகுபடுகின்றது. முதலில் வகுக்க மறுக்கும் எண் பத்தொன்பது. ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களில் 67 அதனை மீதியின்றி வகுக்கும்; பத்தொன்பதையோ அதனினும் பெரிய பகாஎண் ஒன்றையோ காரணியாக உடைய 33 எண்கள் வகுக்கமாட்டா.

4. பகுத்த வடிவம்

தேர்த்துகளின் பகுதியெண்ணை முழுமையாகப் பகுப்பின் வருவது இது:

2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17.

இவ்வடிவினை வாய்பாட்டோடு ஒப்பிட்டு நோக்குக. பதினொன்று ஒரு முறையே வருகின்றது; வாய்பாட்டில் அதற்கு இடமளிப்பது 22 ஒன்றே. பதினேழு ஒரு முறை, அதற்குரியது நாகவிந்தம். பதின்மூன்று ஒரு முறை, அதற்குரியது ஆறரை. ஏழு நான்கு முறை: பத்தரையில் ஒன்று, அணுவில் ஒன்று, விந்தத்தில் ஒன்று, சிந்தையின் பதினான்கில் ஒன்று. மூன்று ஐந்து முறை: பத்தரையில் ஒன்று, ஒன்பதில் இரண்டு, ஆறில் ஒன்று, அறுபதில் ஒன்று. எச்சமும் இல்லை; குறையும் இல்லை. மூதாதையர் பெயரைப் பேரர் தாங்குவதுபோல ஒவ்வொரு படியின் விகிதத்தையும் இறுதி எண் தன்னுள் தாங்கி நிற்கின்றது.

எண்ணின் ஈற்றில் எட்டுச் சுழியங்கள் உள்ளன. இவையும் தற்செயலாக வந்தன அல்ல. இரண்டும் ஐந்தும் இணையுந்தோறும் ஒரு சுழியம் பிறக்கும். இரண்டுகள் மிகுதியாக இருத்தலின் ஐந்துகளின் தொகையே சுழியங்களின் தொகை. முந்திரியிலும் கீழ்முந்திரியிலும் ஒவ்வொன்று, பந்தத்தில் ஒன்று, இருபதிலும் நாற்பதிலும் அறுபதிலும் ஒவ்வொன்று, நூறில் இரண்டு, ஆக எட்டு. எட்டின் மிக்கோ குறைந்தோ சுழியம் காணப்படும் படி பிழைபட்டது என்று இதனால் துணியலாம்.

5. சோதனை முறைகள்

முதலாவது ஒன்பதின் சோதனை. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிவரும் தொகை ஒன்பதால் வகுபடின் அவ்வெண்ணும் ஒன்பதால் வகுபடும். குணம் முதலாக உள்ள பகுதியெண்கள் யாவும் ஒன்பதால் வகுபட வேண்டுவன. தேர்த்துகளின் இலக்கங்களைக் கூட்டினால் 45, சோதனை நிறைவேறிற்று.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. எழுதுவோன் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை முன்பின்னாக மாற்றிவிடின் கூட்டுத்தொகை மாறாது, பிழை தப்பிவிடும். அதற்கு இரண்டாவது சோதனை வேண்டும். 1001 என்பது ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் பெருக்கியது. ஆகவே எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும் இரு தொகுப்புகளைத் தனித்தனியே கூட்டிக் கழிப்பின், எஞ்சுவது சுழியமாகவோ, ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய மூன்றாலும் வகுபடுவதாகவோ இருத்தல் வேண்டும். எண்ணை இவ்வாறு பிரித்தெழுதியதன் காரணம் இதுவே.

தேர்த்துகளை அவ்வாறு பிரிப்பின் ஒருபால் 000, 200, 530, 323. மறுபால் 000, 227, 824, 2. முதற்றொகுப்பின் கூட்டு 1053. இரண்டாவதன் கூட்டும் 1053. கழித்தால் எஞ்சுவது சுழியமே. ஓர் இலக்கம் மாறினும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம்மாறினும் இச்சமநிலை குலைந்துவிடும். மும்மூன்றாகப் பிரித்த தொகுப்புகளே ஒரு பாலுள் தமக்குள் இடம்மாறின் மட்டும் இது கண்டுகொள்ளாது. அப்பொழுது பதினேழால் வகுத்துப் பார்ப்பது துணையாகும்.

பதின்மூன்று இறுதிப் படியில்தான் புகுகின்றதாதலின், மும்மி முதல் நுண்மணல் வரையுள்ள எண்களுக்கு இச்சோதனையில் எஞ்சுவது ஏழும் பதினொன்றும் பெருக்கிய 77-ஆல் வகுபட்டால் போதும்.

6. இலக்கம் இழந்த ஒரு பட்டியல்

இச்சோதனைகள் வெறும் கணக்கு விளையாட்டல்ல என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். இக்காலத்தில் பலரும் எடுத்தெழுதிவரும் பட்டியல் ஒன்றில் நான்கு எண்கள் பின்வருமாறு காணப்படுகின்றன: கதிர்முனை 489,631,109,120,000; குரல்வளைப்படி 9,585,244,364,800,000; வெள்ளம் 575,114,661,888,000,000; நுண்மணல் 57,511,466,188,800,000,000. அதே பட்டியலில் தேர்த்துகளின் எண் மட்டும் பிழையின்றி நிற்கின்றது.

மேலே தந்த வாய்பாட்டோடு ஒப்பிடின் நான்கிலும் முதல் இலக்கம் விடுபட்டமை புலனாகும். கதிர்முனையில் 1, குரல்வளைப்படியில் 5, வெள்ளத்திலும் நுண்மணலிலும் 3.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அடுத்தடுத்த எண்களின் விகிதத்தை மட்டும் பார்த்துப் பாடத்தைச் சோதிப்போமாயின் என்னாகும்? பிழைபட்ட குரல்வளைப்படியை அறுபதால் பெருக்கினால் பிழைபட்ட வெள்ளம் சரியாக வரும். அதனை நூறால் பெருக்கினால் பிழைபட்ட நுண்மணல் சரியாக வரும். குரல்வளைப்படியில் இழந்த 5-ஐ அறுபதால் பெருக்கின் வெள்ளத்தில் இழந்த 3-இன் மதிப்பே கிடைத்தலின், பிழையும் பிழையும் தம்முள் ஒத்துப்போயின. மூன்று எண்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல, மூன்றும் பொய்ச்சாட்சியாக நிற்கின்றன. இவ்விடைப்பகுதியை மட்டும் நோக்கும் பதிப்பாசிரியர் ஐயுறுவதற்கு இடமே இராது. இரு முனைகளில் முரண்பாடு வெளிப்படும்: சிந்தைக்கும் கதிர்முனைக்கும் இடையே 20 இருக்கவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 6.57, நுண்மணலுக்கும் தேர்த்துகளுக்கும் இடையே 6½ இருக்கவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 40.41.

ஆனால் வகுபடும் தன்மையைச் சோதிப்பின் ஒவ்வோர் எண்ணும் தனித்தே அகப்பட்டுவிடும். பிழைபட்ட நான்கின் இலக்கக் கூட்டுகள் முறையே 44, 58, 60, 60. ஒன்றேனும் ஒன்பதால் வகுபடவில்லை. விடுபட்ட இலக்கங்களைச் சேர்த்தபின் 45, 63, 63, 63, நான்கும் வகுபடுகின்றன. கதிர்முனையை மும்மூன்றாகப் பிரித்துக் கழிப்பின் பிழைபட்ட எண்ணில் எஞ்சுவது 153; அது 77-ஆல் வகுபடாது. முன்னே ஒன்றைச் சேர்ப்பின் எஞ்சுவது 154. அது 77-இன் இருமடங்கு. காணாமற்போனது யாது, எவ்விடத்தில் என்னும் இரண்டையும் எண்ணே சுட்டிக்காட்டிவிடுகின்றது.

சொல்லால் இயன்ற ஏட்டில் சிதைந்த எழுத்தை யாப்பும் எதுகையும் மீட்டுத் தருவதனைச் சுவடி பதிப்பித்தோர் அறிவர். எண்ணால் இயன்ற ஏட்டில் யாப்பின் இடத்தில் நிற்பவை பகாஎண்கள் என்று கொள்ளலாம்.

7. எண் சொல்லாதவை

கருவியின் வன்மையைக் கூறியவர் அதன் எல்லையையும் கூறுதல் கடன். இறுதி எண் படிகளின் வரிசையைக் காட்டாது. ஐந்து, ஆறு, ஏழு என்னும் படிகள் முன்பின்னாக மாறியிருப்பினும் முடிவு அதுவே. இம்மியைக் கீழ்முந்திரியில் 10½ எனவும் மும்மியை இம்மியில் 22 எனவும் மேலே கொண்டோம். அரை வருதலை விரும்பாத ஒருவர் இம்மியை 21 எனவும் மும்மியை 11 எனவும் கொள்ளின், இம்மியின் பகுதி 2,150,400 ஆகும். ஆயினும் மும்மியின் பகுதியில் மாற்றம் நேராது; இரு வழியிலும் பெருக்கம் 231. ஆகவே இவ்விரு பாடங்களுள் எது சிறந்தது என்று தேர்த்துகளைக்கொண்டு தீர்ப்பளித்தல் இயலாது. அதற்கு இடைநிலை எண்ணும், சொல்லால் எழுதிய விகிதமும், ஏடுகளின் ஒப்பீடுமே துணை.

இவ்வெண் மிகப்பல எண்களால் வகுபடவேண்டும் என்று திட்டமிட்டு அமைத்ததும் அன்று. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் சட்டங்கள் என்னும் நூலில் நகரத்துக் குடிகளின் தொகையை 5040 என வகுத்தார். தன்னை நீக்கி 59 எண்களால் அது வகுபடும் என்பதே அவர் காட்டிய காரணம். ஈரோட்டில் 1887-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், தம்மினும் சிறிய எவ்வெண்ணைக் காட்டிலும் மிகுந்த வகுஎண்களையுடைய எண்களின் இயல்பை ஆராய்ந்து 1915-இல் விரிவானதொரு கட்டுரை வெளியிட்டார். அத்தகைய எண்ணில் சிறிய பகாஎண்ணின் அடுக்கு பெரிய பகாஎண்ணின் அடுக்கினும் குறைதல் கூடாது. தேர்த்துகளிலோ மூன்றின் அடுக்கு ஐந்து. ஐந்தின் அடுக்கு எட்டு. அவ்விரண்டு அடுக்குகளையும் மாற்றி வைப்பின், வகுஎண்களின் தொகை மாறாமலே எண் நான்கரை மடங்கிற்கு மேல் சிறிதாகிவிடும். தேர்த்துகளுக்கு வகுஎண்கள் 49,680. பதினெட்டு இலக்கமே கொண்ட 897,612,484,786,617,600 என்னும் எண்ணுக்கோ வகுஎண்கள் 103,680. ஆதலின் தேர்த்துகள் என்பது வகுபடுதற்கெனத் தேர்ந்தெடுத்த எண் அன்று; படிப்படியாக இறங்கி வந்த ஒரு மரபின் அடிச்சுவடு. நூறும் நாற்பதும் இருபதும் அடுக்கிவந்த மரபாதலின் அதில் ஐந்து மிக்கது.

8. பெயரும் பொருளும்

இவ்வாய்பாட்டின் பெயர்களைப் பிற அளவைகளின் பெயர்களோடு மயக்குதல் கூடாது. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை உரையில் அடியார்க்குநல்லார் காட்டும் நீட்டலளவையில் அணு எட்டுக் கொண்டது தேர்த்துகள். தேர்த்துகள் எட்டு இம்மி. அவ்வாறே எள், நெல், பெருவிரல் என எட்டெட்டாக ஏறும். அங்கே பெருவிரல் ஒன்று 32,768 அணு. அங்கே தேர்த்துகள் அணுவினும் பெரிது. கீழ்வாய் வாய்பாட்டிலோ அணு ஒன்றில் தேர்த்துகள் 14,034,384,000,000. பெயர் ஒன்று, முறை வேறு, வரிசை தலைகீழ். வெள்ளம் என்னும் பெயரும் இத்தகையதே. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ஐ, அம், பல் என்னும் ஈற்றையுடைய எண்ணுப்பெயர்களைக் கூறும் இடத்திற்கு உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டுவர். அங்கே வெள்ளம் மிகப் பெரிய எண். இங்கே மிகச் சிறிய பின்னம். எண்ணில் அடங்காமை பெருமைக்கும் சிறுமைக்கும் பொது ஆதலின் ஒரு பெயரே இரு திசையிலும் சென்று வழங்கிற்றுப் போலும்.

இனி, தேர்த்துகளின் சிறுமையைக் காட்டி, அணுவினுள்ளும் நுழைந்து அளந்தனர் பண்டைத் தமிழர் என்று மேடையிலும் ஏட்டிலும் கூறுவாருண்டு. கீழ்வாய் இலக்கம் அளவுகோல் அன்று, பின்னம் மட்டுமே. எதனுடைய பின்னம் என்று கூறாதவரை அதற்கு நீளமும் இல்லை, நிறையும் இல்லை. வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் எனக் கொள்ளின், கல்வெட்டுக் கணக்கில் வரும் 52,428,800,000-இல் ஒரு பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே. எந்தக் கோலும் கயிறும் அதனை வயலில் அளந்திரா. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வகுத்த கணக்கு அதனைத் தந்தது. தேர்த்துகளும் அவ்வாறே கணக்கின் விளைவு. அளக்கவியலாத ஒன்றையும் எச்சமின்றிக் கணக்கிட்டு முடித்தனர் என்பதே அவர்க்கு உரிய உண்மையான பெருமை. பொய்யாகச் சேர்த்த பெருமை மெய்யான பெருமையை மறைத்துவிடும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கீழ்வாய் வாய்பாட்டில் கீழ்முந்திரி வரை ஒரு முறையும், இம்மி முதல் வேறொரு முறையும் உள்ளன, இறுதி எண்ணின் ஒவ்வொரு பகாஎண்ணுக்கும் வாய்பாட்டில் இடம் உண்டு, அப்பகாஎண்களைக்கொண்டு எண்ணின் பாடத்தைச் சோதிக்கலாம், படிகளின் வரிசையை மட்டும் அவற்றால் துணிதல் இயலாது.

கணக்கு நூல்களைப் பதிப்பிப்போர்க்கும் அகராதி தொகுப்போர்க்கும் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு பகுதியெண்ணின் அருகிலும் அதற்கு முந்திய அலகோடு உள்ள விகிதத்தைச் சொல்லால் எழுதுக. இலக்கம் விடுபடும், சொல் எளிதில் விடுபடாது. அச்சிற்கு அனுப்புமுன் ஒன்பதாலும், 77-ஆலோ 1001-ஆலோ சோதித்து, ஈற்றுச் சுழியங்களையும் எண்ணுக. பிழை கண்டவிடத்து அதனை வாளா திருத்திவிடாது, ஏட்டில் கண்டதையும் கணக்கில் வந்ததையும் அருகருகே தருக. பிழையும் ஏட்டின் வரலாற்றுக்கு ஒரு சான்றாதலின் அதனை அழித்தல் தகாது.

மடவார் வளாகம் என்றோ விளாகம் என்றோ எழுதி நாம் வைத்தியநாதர் கோயிலுக்குச் செல்லும் வழியைத் தவறாது அடையலாம். கதிர்முனையில் ஓர் ஒன்றை விட்டுவிட்டுத் தேர்த்துகளை அடைய வழியில்லை. எழுத்தைக் காப்பதில் தமிழாசிரியர் காட்டிவந்த விழிப்பினை இலக்கத்தைக் காப்பதிலும் காட்டுதல் வேண்டும்.